பதினான்கு கோரும் எட்டுக் கோரும்: பழைய சர்வரையும் மடிக்கணினியையும் ஒரே வேலையில் ஓட்டிப் பார்த்த பதிவு

ஸ்கேன் செய்த சிற்றிதழ்களின் தொகுப்பு ஒன்று நண்பர் ஒருவர் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 60,000 பக்கங்கள். ஒவ்வொன்றும் 300 டிபிஐ அளவில் எடுத்த சாம்பல் நிறப் படம். அவற்றை டெசராக்ட் எழுத்துணரியில் கொடுத்துத் தேடக்கூடிய உரையாக மாற்ற வேண்டும். இது ஒரே ஓட்டத்தில் முடிகிற வேலை அல்ல. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் ணை, லை, னை, றா போன்றவை பழைய வடிவில் அச்சாகியிருப்பதால், படத்தை வெளுப்பது, கோணலை நிமிர்த்துவது, வேறு மொழிக்கோப்பை (எழுத்துணரிக்கு எழுத்து வடிவங்களைச் சொல்லித்தரும் கோப்பு) மாட்டுவது என ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மொத்தத்தையும் மறுபடி ஓட்டியாக வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு மடிக்கணினி மட்டுமே. இரண்டு இரவுகள் ஓட்டியதில் பாதித் தொகுப்பைத் தாண்டவில்லை. விசைப்பலகையில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு வேறு. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய சர்வர் ரகக் கணினிகள் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் என்பதால், புது மடிக்கணினி விலையில் கால் பங்குக்கும் குறைவாக ஒன்றை வாங்கி வந்தேன். அதையும் மடிக்கணினியையும் இந்த ஒரே வேலையை வைத்து ஒப்பிட்டதன் பதிவு இது.

மடிக்கணினியில் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 7 5800எச். 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ப்ராசசர். ஜென் 3 கட்டமைப்பு, 7 நானோமீட்டர் தயாரிப்பு முறை, 8 கோர் (தனித்தனியே கணக்கிடும் அலகு), 16 த்ரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை இழை; இங்கே கோருக்கு இரண்டு), அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.4. வாங்கி வந்த பெட்டியில் இருப்பது இன்டெலின் ஜியான் இ5-2680 வி4. இது 2016இல் வந்தது, பிராட்வெல் தலைமுறையைச் சேர்ந்தது. 14 நானோமீட்டர், 14 கோர், 28 த்ரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.3. மூன்றாம் நிலை கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகம்) ஜியானில் 35 எம்பி, ரைசனில் 16 எம்பி. நிறுவனங்கள் குறிப்பிடும் வெப்ப அளவு ஜியானுக்கு 120 வாட், ரைசனுக்கு 45 வாட். ஒரே ஆண்டில் வந்த இரண்டை ஒப்பிடுவதுதான் நியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. அது ஆய்வுக்கூடத்து நியாயம். சொந்தக் காசில் வாங்குபவனுக்கு முன்னால் இருப்பது ஐந்தாண்டு பழைய பெரிய ப்ராசசரா, புதிய சின்ன ப்ராசசரா என்ற கேள்வி மட்டும்தான்.

கடைக்காரர் கோர்களின் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கிக் காட்டினார். 14ஐ 2.4ஆல் பெருக்கினால் 33.6, 8ஐ 3.2ஆல் பெருக்கினால் 25.6. "பதினாலு கோர் சார், உங்க லேப்டாப் இதுகிட்டயே வராது" என்றார். இந்தக் கணக்கு முழுப் பொய் அல்ல என்பதும், எங்கெல்லாம் ஓட்டை விழுகிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பெட்டியைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே கம்பளி போலப் படிந்திருந்த தூசு. ஊதி எடுத்துவிட்டு, நான்கு திருகுகளையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி ஹீட்சிங்கைத் தூக்கினால், தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பொரிந்து உதிர்ந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பரப்புகளையும் துடைத்துப் புதுப் பேஸ்ட் இட்டேன். இந்தச் சாக்கெட்டில் உட்காரும் ப்ராசசரின் உலோக மூடி பெரியது என்பதால், வழக்கமான பட்டாணி அளவு போதவில்லை. முதல் முறை தூக்கிப் பார்த்தபோது மூலைகள் வெறுமையாக இருந்தன. குறுக்குக் கோடுகளாக இட்டு மீண்டும் அழுத்திய பிறகே முழுப் பரப்பிலும் பரவியது. முழுச் சுமையில் 88 டிகிரிக்கு ஏறிக்கொண்டிருந்த வெப்பம் 67இல் நின்றுவிட்டது. மதர்போர்டின் பொத்தான் மின்கலமும் செத்திருந்தது. அதை மாற்றாதவரை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். பதிவுக் கோப்புகளின் நேரம் தாறுமாறாகிவிடும்.

உண்மையான கோளாறு நினைவகத்தில் இருந்தது. 16 ஜிபி அளவில் நான்கு பதிவு வகை இசிசி (பிட் பிழையைத் தானே திருத்தும்) தகடுகள், ஆக மொத்தம் 64 ஜிபி. விற்றவர் சொன்ன கணக்கு சரி, லினக்ஸும் 64 ஜிபி என்றே காட்டியது. ஆனால் இந்த ஜியானுக்கு நான்கு நினைவகச் சேனல்கள், அதாவது ப்ராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையே நான்கு தனி வழிகள் உண்டு. டிடிஆர்4-2400 தகடுகளோடு ஒவ்வொரு சேனலும் நொடிக்கு 19.2 ஜிபி கடத்தும். நான்கும் சேர்ந்தால் 76.8 ஜிபி. மதர்போர்டில் ஒரு சேனலுக்கு இரண்டு என எட்டு ஸ்லாட்டுகள். ஒவ்வொரு சேனலின் முதல் ஸ்லாட்டிலும் ஒரு தகடு இருக்க வேண்டிய இடத்தில், யாரோ நான்கையும் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் செருகியிருந்தார்கள். இரண்டு சேனல்களில் இரண்டிரண்டு தகடுகள்; மற்ற இரண்டு சேனல்கள் காலி. கணினி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. வன்பொருள் விவரங்களைப் பட்டியலிடும் டிஎம்ஐடிகோட் கட்டளையின் வெளியீட்டில் ஸ்லாட்டுப் பெயர்களை வரிசையாகப் படித்தபோதுதான் புரிந்தது. தகடுகளை இடம் மாற்ற ஐந்து நிமிடம் ஆனது.

என் மடிக்கணினியைக் குறை சொல்லாமல் விட முடியாது. அதிலும் இதே கதைதான். இரண்டு ஸ்லாட்டுகள் இருந்தும் 16 ஜிபி ஒற்றைத் தகட்டோடுதான் அது விற்கப்பட்டது. டிடிஆர்4-3200இல் ஒரு சேனல் 25.6 ஜிபி, இரண்டும் நிறைந்தால் 51.2 ஜிபி. வாங்கி இரண்டு ஆண்டுகளாகப் பாதி அகல வழியில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னொரு தகடு வாங்கிச் செருகினேன்.

இந்த மாற்றங்களின் விளைவை அளக்க ஸ்ட்ரீம் என்ற சோதனை நிரலைப் பயன்படுத்தினேன். ஜான் மெக்கால்பின் எழுதிய, பல்லாண்டுகளாகப் புழங்கும் சிறிய நிரல் அது. பெரிய வரிசைகளை நகலெடுப்பது, பெருக்குவது, கூட்டுவது என நான்கு வேலைகளைச் செய்து நொடிக்கு எவ்வளவு தரவு நகர்ந்தது என்று சொல்லும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நிரலில் இயல்பாக ஒரு வரிசைக்கு 1 கோடி எண்கள், அதாவது 80 எம்பி. வரிசையின் அளவு கடைசி நிலைக் கேஷைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது அந்த நிரலின் விதி. ரைசனின் 16 எம்பிக்கு 80 எம்பி போதும். ஜியானின் 35 எம்பிக்கு 140 எம்பிக்கும் மேல் வேண்டும். இயல்பு அளவிலேயே ஓட்டினால் சர்வரின் எண்ணில் கேஷின் பங்கும் கலந்துவிட வாய்ப்புண்டு. வரிசையை 4 கோடி எண்களாக்கி இரண்டிலும் மறுபடி தொகுத்து ஓட்டினேன். மூன்று வரிசைகளைக் கையாளும் கடைசி வேலையில், தகடுகள் தவறான இடத்தில் இருந்தபோது சுமார் 27 ஜிபி காட்டிய சர்வர், சரியான இடத்தில் 53 காட்டியது. மடிக்கணினி 17இலிருந்து 31க்கு உயர்ந்தது. ஏட்டளவான 76.8ஐயும் 51.2ஐயும் எட்டவில்லையே என்று பதற வேண்டியதில்லை. சாதாரணமாக ஓர் இடத்தில் எழுதுவதற்கு முன் ப்ராசசர் அந்த இடத்தை நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்துக்கொள்கிறது. ஸ்ட்ரீம் அந்தப் படிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வேலையில் 32 பைட் நகர்ந்தால் கணக்கில் ஏறுவது 24தான். ஆகவே முழுத் திறனில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எதிர்பார்க்கவே கூடாது.

இவ்வளவு மெனக்கெட்டுச் சேனல்களைச் சரிசெய்த பிறகு எழுத்துணரியை ஓட்டினால், வேகம் ஏறக்குறைய இருந்தபடியே இருந்தது. முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. யோசித்தால் அது இயல்புதான். டெசராக்டின் நரம்பு வலைப்பின்னல் ஒரு வரியின் படத்தையும் சில எம்பி எடைகளையும் (பயிற்சியில் கற்ற எண்கள்) வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது; அந்தத் தரவில் பெரும்பகுதி கேஷிலேயே தங்கிவிடுகிறது. நினைவக அகலத்தின் பலன் வேறொரு வேலையில் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒற்றைக் கோரின் திறனை முதலில் தனியாக அளந்தேன். ஒரே பக்கத்தை, ஒரே த்ரெட்டில், நிரல் கோர் விட்டுக் கோர் தாவாதபடி டாஸ்க்செட் கட்டளையால் ஒரு கோரிலேயே கட்டிப்போட்டு, பத்து முறை ஓட்டி நடு மதிப்பை எடுத்தேன். வட்டின் வேக வேறுபாடு குறுக்கிடக் கூடாது என்பதற்காக, இரண்டிலும் படங்களை நினைவகத்திலேயே அமைத்த தற்காலிகக் கோப்பகத்தில் வைத்தேன். மடிக்கணினி 7 நொடியில் முடித்தது, சர்வருக்கு 11.5 நொடி ஆனது. வேக விகிதம் 4.4க்கு 3.3, அதாவது 1.33 மடங்கு. ஆனால் நேர விகிதம் 1.64 மடங்கு. எஞ்சிய 1.23 மடங்கு கடிகார வேகத்தால் வந்ததல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் ஜென் 3 கூடுதலாக முடிக்கும் வேலையால் வந்தது. பிராட்வெல் ஒரே நேரத்தில் 192 நுண்கட்டளைகள் வரை கையில் வைத்துக்கொண்டு, தயாராக இருப்பதை முன்கூட்டியே செய்ய முடியும். ஜென் 3இல் அந்த இடம் 256. கோருக்கு உரிய இரண்டாம் நிலைக் கேஷும் முன்னதில் 256 கேபி, பின்னதில் 512 கேபி. கடைக்காரரின் பெருக்கல் கணக்கில் விழும் முதல் ஓட்டை இது: இரண்டு ப்ராசசர்களின் கிகாஹெர்ட்ஸ் ஒரே எடையுள்ள படிக்கல் அல்ல.

அடுத்து எல்லாக் கோர்களையும் ஒன்றாக இறக்கினேன். சர்வரில் 28 டெசராக்ட், மடிக்கணினியில் 16 டெசராக்ட். சர்வர் நிமிடத்துக்கு 30 பக்கம், மடிக்கணினி 34. அதாவது பதினான்கு கோர் எட்டுக் கோரிடம் தோற்றது. இரண்டிலும் கண்காணிப்புத் திரை நூறு விழுக்காடு பயன்பாடு என்றே காட்டியதால் ப்ராசசரில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. வாங்கிய பணம் வீண் என்று நினைத்து, அன்றிரவு பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது பற்றியும் யோசித்தேன்.

காரணம் நிரலின் இயல்பில் இருந்தது. டெசராக்டின் நான்காம் பதிப்பிலிருந்து, ஒரு பக்கத்துக்கே அது நான்கு த்ரெட்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். 28 நிரல்களை ஒன்றாக இறக்கினால் 112 த்ரெட்டுகள், 28 இடங்களுக்கு முட்டிமோதும். அதிலும் தன் முறைக்காகக் காத்திருக்கும் த்ரெட் சும்மா தூங்குவதில்லை. இன்னும் முடியவில்லையா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே ப்ராசசரை எரிக்கிறது. திரையில் தெரிந்த நூறு விழுக்காட்டில் பெரும்பங்கு இந்த வெற்றுச் சுழற்சிதான். ஒரு நிரலுக்கு ஒரே த்ரெட் என்று சூழல் மாறியில் ஒரு வரி எழுதி மறுபடி ஓட்டினேன். சர்வர் நிமிடத்துக்கு 82 பக்கம், மடிக்கணினி 72 பக்கம். கோர் எண்ணிக்கை கூடக் கூட இந்த வகைத் தவறின் தண்டனையும் கூடுகிறது. மடிக்கணினியில் இரண்டு இரவுகளாக நான் இழந்ததும் இதனால்தான், ஆனால் ஒப்பிட வேறு கணினி இல்லாததால் அப்போது கவனிக்கவில்லை.

கோர்களுக்கும் த்ரெட்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும்போது இன்னொரு தவறு செய்தேன். ஒரு கோருக்கு ஒரு நிரல் என்று வைத்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்க, சர்வரில் 0 முதல் 13 வரையிலான இடங்களில் 14 நிரல்களையும், மடிக்கணினியில் 0 முதல் 7 வரையிலான இடங்களில் 8 நிரல்களையும் கட்டினேன். சர்வர் 66 பக்கம் தந்தது; மடிக்கணினி 42தான். 42 என்ற எண் எங்கும் பொருந்தவில்லை. லினக்ஸில் ஒவ்வொரு தருக்கக் கோருக்கும் (த்ரெட்டுக்கும்) அதே கோரைப் பகிரும் அதன் இரட்டை எது என்று சொல்லும் சிறு கோப்பு உண்டு. அதைத் திறந்து பார்த்தால், சர்வரில் 0இன் இரட்டை 14. மடிக்கணினியில் 0இன் இரட்டை 1. அதாவது சர்வரில் நான் 14 தனித்தனிக் கோர்களைப் பிடித்திருந்தேன். மடிக்கணினியில் நான்கே கோர்களின் எட்டு த்ரெட்டுகளைப் பிடித்துவிட்டு மற்ற நான்கைச் சும்மா விட்டிருந்தேன். இந்த வரிசை பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) அறிவிக்கும் முறையைப் பொறுத்தது. எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்காது. 0, 2, 4 என ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டிய பிறகு மடிக்கணினி 57 பக்கம் தந்தது. இரண்டிலுமே கோருக்கு இரண்டாவது த்ரெட்டைச் சேர்ப்பதால் கிடைத்த கூடுதல் சுமார் கால் பங்கு. 28 த்ரெட் என்பதை 28 கோர் என்று எண்ணிக்கொள்பவர்களுக்கு இந்தக் கால் பங்கை நினைவுபடுத்தலாம்.

72 என்று நான் எழுதியிருப்பது ஒரு மணி நேர ஓட்டத்தின் சராசரி. முதல் இரண்டு நிமிடங்களில் மட்டும் அளந்தால் மடிக்கணினியும் நிமிடத்துக்கு 80 பக்கம் தருகிறது. சர்வருக்குச் சமம் என்றே சொல்லிவிடலாம். இணையத்தில் சுற்றும் பல சோதனைகள் ஓரிரு நிமிடத்தில் முடிபவை என்பதால், அவற்றில் மடிக்கணினிகள் இவ்வளவு நன்றாக மதிப்பெண் எடுப்பதன் ஒரு காரணம் இதுவாக இருக்கும். ப்ராசசரின் வேகம், வெப்பம், வாட் ஆகியவற்றைக் காட்டும் டர்போஸ்டாட் கருவியை ஐந்து நொடிக்கு ஒரு வரி எழுதும்படி விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தொடக்கத்தில் ரைசன் 65 வாட் வரை எடுத்துக்கொண்டு எட்டுக் கோர்களையும் 4.0 கிகாஹெர்ட்ஸில் ஓட்டியது. வெப்பம் 70, 80, 90 என்று ஏறி 95ஐத் தொட்டதும், வாட் அளவு ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கி, சுமார் 47 வாட்டில் நின்றது, வேகம் 3.6. அது மே மாதம்; அறையின் வெப்பம் 34 டிகிரி. அடியில் இரண்டு தடித்த அகராதிகளை ஓரங்களில் மட்டும் முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்ததில் 3.7ஐத் தொட்டது. வீட்டு மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறிய ஒரு தடவை, வாட் அளவு பாதிக்குக் கீழே விழுந்தது; வேகமும் கூடவே விழுந்தது.

சர்வரின் பதிவைப் படிப்பதில் இப்படிப்பட்ட சுவாரசியம் எதுவும் இல்லை. முதல் நிமிடத்தில் 2.9 கிகாஹெர்ட்ஸ், ஐந்தாவது மணி நேரத்தில் 2.9 கிகாஹெர்ட்ஸ். எல்லாக் கோர்களும் ஓடும்போது இந்த ஜியானுக்கு நிர்ணயித்திருக்கும் டர்போ (அடிப்படைக்கு மேலான வேகம்) எல்லை அது. 3.3 என்பது ஓரிரண்டு கோர்கள் மட்டும் விழித்திருக்கும்போது கிடைப்பது. கோர் ஒன்றின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். எரியும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு வேகத்தைப் பெருக்கிய அளவில் வளரும். ஆகவே குறிப்பிட்ட வாட்டுக்குள் அதிக வேலை வாங்க, நிறையக் கோர்களை மெதுவாக ஓட்டுவதே சிக்கனம். சர்வர் ப்ராசசர்களின் வேகம் காகிதத்தில் குறைவாகத் தெரிவதற்கு இதுவே காரணம். மடிக்கணினி ப்ராசசர் இதற்கு நேர்மாறான பழக்கத்துக்கு வடிவமைக்கப்பட்டது: ஒரு சொடுக்குக்கு உடனே பாய்ந்து பதில் சொல்லிவிட்டு, மறுபடி அடங்கிவிட வேண்டும். இரவெல்லாம் பாயச் சொன்னால் அதற்கு மூச்சு வாங்கத்தான் செய்யும்.

நினைவக அகலம் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி. எழுத்துணரி விட்ட பிழைகளைத் திருத்த உதவுமா என்று பார்ப்பதற்காக, சுமார் 4 ஜிபி அளவுள்ள ஒரு மொழி மாதிரியை (சொல்துண்டு சொல்துண்டாக உரையை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு) இரண்டு ப்ராசசர்களிலும் நேரடியாக ஓட்டினேன். இத்தகைய மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கும்போதும் தன் எடைகள் அனைத்தையும் ஒருமுறை படித்தாக வேண்டும். 4 ஜிபி எந்தக் கேஷிலும் அடங்காது. எனவே நினைவகத்தின் அகலத்தை மாதிரியின் அளவால் வகுத்தால் வருவதுதான் உச்ச வரம்பு: சர்வருக்கு நொடிக்கு 19 சொல்துண்டுகள், மடிக்கணினிக்கு 13க்குச் சற்றுக் குறைவு. நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் குறைவாகவே தந்தன, ஆனால் வரிசை மாறவில்லை. பழைய ஜியான் முன்னால், புதிய ரைசன் பின்னால். தகடுகள் தவறான ஸ்லாட்டில் இருந்திருந்தால் சர்வரின் வரம்பு 9.6 ஆகியிருக்கும், இரண்டு தகடுள்ள மடிக்கணினிக்கும் கீழே போயிருக்கும். சர்வரில் கோர்களை 14இலிருந்து 8ஆகக் குறைத்தும் வேகம் அவ்வளவாக இறங்கவில்லை. தமிழில் அந்த மாதிரி செய்த திருத்தங்கள் பிழைகளைவிட மோசமாக இருந்ததால் அந்த முயற்சியைக் கைவிட்டேன் என்பது வேறு விஷயம்.

பழைய இன்டெல் ப்ராசசர் வாங்குவோர் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொன்று பாதுகாப்புத் திருத்தங்கள். இயங்குதளத்தின் மையமான கருவகத்தின் நினைவகத்தைச் சாதாரண நிரலும் படிக்க வழிவிடும், 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன் குறை பிராட்வெல்லைப் பாதிக்கும். ஜென் 3ஐப் பாதிக்காது. லினக்ஸ் அதை அடைக்க, கருவகத்தின் நினைவகப் பக்க அட்டவணையைத் தனியே பிரித்து வைக்கிறது. ஒவ்வொரு முறை நிரல் கருவகத்தைக் கூப்பிடும்போதும் ஒரு சிறு கட்டணம் விழுகிறது. திருத்தங்களை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எழுத்துணரியில் எந்த மாற்றமும் இல்லை, ஏனென்றால் அது கருவகத்தை அபூர்வமாகவே கூப்பிடுகிறது. ஒரு பக்கத்தை வரி வரியாக வெட்டிப் பல்லாயிரம் சிறு கோப்புகளாக எழுதும் முன்வேலை மட்டும் கண்ணில் தெரியும்படி வேகமானது. வீட்டு வலையமைப்பில் இணைந்திருக்கும் கணினி என்பதால், பார்த்த கையோடு திருத்தங்களை மறுபடி இயக்கிவிட்டேன்.

மின்சாரக் கணக்கை ப்ராசசர் சொல்லும் வாட்டை வைத்துப் போடக் கூடாது. டர்போஸ்டாட் காட்டுவது ப்ராசசரின் பங்கை மட்டுமே. விசிறி, வட்டு, மின்மாற்றியில் வீணாவது எதுவும் அதில் வராது. சுவர்ச் சாக்கெட்டில் மாட்டும் அளவி ஒன்றை வைத்துப் பார்த்தேன். முழுச் சுமையில் சர்வர் 190 வாட், மடிக்கணினி 75 வாட். 60,000 பக்க ஓட்டம் ஒன்றுக்குச் சர்வர் 12 மணி நேரமும் சில நிமிடங்களும் எடுத்துக்கொண்டு 2.3 யூனிட் எரிக்கிறது; மடிக்கணினி 14 மணி நேரம் எடுத்துக்கொண்டு 1 யூனிட்டைச் சற்றே தாண்டுகிறது. ஒரு பக்கத்துக்கான மின்சாரத்தில் மடிக்கணினி பாதிக்கும் கீழே. ஆனால் எனக்கு அதிர்ச்சி தந்தது இந்த எண் அல்ல. எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் சர்வர் 65 வாட் எடுக்கிறது; மடிக்கணினி 10 வாட். 65 வாட்டை இரண்டு மாதம் அணைக்காமல் விட்டால் 93.6 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக வழங்கப்பட்ட 100 யூனிட்டில் ஏறக்குறைய முழுவதையும், ஒரு வேலையும் செய்யாமல் இந்தப் பெட்டி ஒன்றே தின்றுவிடும்.

ஆகவே இப்போதைய ஏற்பாடு இப்படி அமைந்திருக்கிறது. பகலில் இருபது மாதிரிப் பக்கங்களை வைத்துக்கொண்டு அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது மடிக்கணினியில். ஒற்றைப் பக்கத்துக்கு 7 நொடிக்கும் 11.5 நொடிக்கும் உள்ள வேறுபாடு, பலன் எப்போது வரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பெரிது. ஓர் அமைப்பு தேறியதும், இரவு ஒன்பது மணிக்கு வலையமைப்பு வழியாகச் சர்வரை எழுப்பிவிடுகிறேன். எழுந்து 64 ஜிபி நினைவகத்தைத் தானே சோதித்து முடிக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு காபி போட்டுவிடலாம். ஓட்டம் முடிந்ததும் தானாக அணையும்படி கடைசி வரியில் எழுதியிருக்கிறேன். இசிசி திருத்திய பிழைகளின் எண்ணிக்கையையும் அணைவதற்கு முன் பதிவில் எழுதச் சொல்லியிருக்கிறேன், இதுவரை பூச்சியம்தான். மடிக்கணினியில் இப்படி ஒரு பிட் புரண்டிருந்தால் அதைச் சொல்ல ஆளே இல்லை.

மூன்றாவது ஓட்டம் நேற்றிரவு முடிந்தது. 1978க்கு முந்தைய இதழ்களில் மட்டும் பழைய லையை எழுத்துணரி இன்னும் வேறெதுவாகவோ படிக்கிறது. அந்தப் பக்கங்களைத் தனிக் கோப்பகத்தில் பிரித்து வைத்திருக்கிறேன். ஏறக்குறைய 11,000 வருகிறது. சர்வரின் கணக்குப்படி அது இரண்டே கால் மணி நேர வேலை. இன்றிரவு புதிய மொழிக்கோப்போடு ஓடும்.